ஆபாச வீடியோ பழக்கம்: பொத்தி வைக்க வைக்க வளர்ற பிரச்சனை

இந்த வீடியோவ ஹெட்போன் மாட்டிக்கிட்டு கதவ சாத்திக்கிட்டு பாக்குறவங்க நிறைய பேர் இருப்பீங்க, பரவால்ல, அப்படியே பாருங்க. ஆபாச வீடியோ, அதாவது போர்ன் பாக்குற பழக்கம் ஒரு ஆள என்ன செய்யுது, கூட வாழ்றவங்கள என்ன செய்யுது, வீட்டுல இருக்குற பிள்ளைங்கள என்ன செய்யுதுன்னு பேசப்போறோம். திட்டப்போறதும் இல்ல, இதெல்லாம் சாதாரணம் விடுன்னு தள்ளப்போறதும் இல்ல. நான் சொல்ல வர்றது இதுதான், பாக்குறது பாதி பிரச்சனைன்னா அத யாருக்கும் தெரியாம பொத்தி பொத்தி வைக்கிறது மீதி பாதி, பல வீடுகள்ல அந்த மீதி பாதிதான் பெருசு.

(திரையில்: மூளையோட படம், நடுப்பகுதி மட்டும் கலர்ல)

முதல்ல மூளை. டோபமைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, சந்தோஷ கெமிக்கல்னு சொல்லுவாங்க, அது பாதி தப்பு. அதோட முக்கியமான வேலை "வேணும், இன்னும் வேணும், போய் எடு"ன்னு ஆள பிடிச்சு தள்ளுறது. கென்ட் பெரிட்ஜ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல வருஷமா சொல்லிட்டு வர்றாரு, ஒன்னுக்காக ஏங்குறதும் அத ரசிக்கிறதும் மூளைக்குள்ள தனித்தனியா நடக்குற வேலைங்க. புதுசா ஏதாவது கண்ணுல பட்டா ஏக்கம் கூடும், போர்ன் சைட்ல புதுசுக்கு முடிவே கிடையாது, ஒன்னு ஓடிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல வரிசையா தம்ப்நெயில் நிக்குது, அடுத்தது இதவிட நல்லா இருக்குமோன்னு கை தானா போகுது. பத்து நிமிஷம்னு ஆரம்பிச்சவரு நடுராத்திரி தாண்டியும் உக்காந்திருக்காருன்னா அதுல பெரும்பகுதி பாத்த நேரம் இல்ல, தேடுன நேரம்.

2014ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல வலேரி வூன் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இந்த பழக்கத்த கட்டுப்படுத்த முடியாம தவிச்ச 19 ஆண்களையும், அந்த பிரச்சனை இல்லாத 19 ஆண்களையும் ஸ்கேனர்ல வச்சு வீடியோ காட்டி பாத்தாங்க. போதைப்பொருளுக்கு அடிமையானவங்களுக்கு அந்த போதைய ஞாபகப்படுத்துனா மூளையில எந்தெந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடங்கள் முதல் குழுவுக்கு கூடுதலா வேலை செஞ்சுது. ஆனா எனக்கு மனசுல நின்னது வேற, அவங்களுக்கு ஆசை அதிகம், ரசிப்பு அதிகம் இல்ல. பிடிக்காமலே வேணும்னு தோணுற நிலை அது. அதுல மாட்டுனவங்களுக்கு இது சொல்லி புரிய வைக்க தேவையே இல்ல.

அதே வருஷம் பெர்லின்ல 64 ஆண்கள வச்சு இன்னொரு ஆய்வு வந்துச்சு, வாரத்துல அதிக நேரம் போர்ன் பாக்குறவங்களுக்கு மூளையில ஊக்கத்தோட சம்பந்தப்பட்ட ஒரு பகுதி கொஞ்சம் சின்னதா இருந்துச்சுன்னு. இத வச்சுதான் "போர்ன் பாத்தா மூளை சுருங்கிடும்"னு ஆளாளுக்கு வீடியோ போட்டாங்க, தயவுசெஞ்சு அத நம்பி பயப்படாதீங்க. பாத்ததால அது சின்னதாச்சா, இல்ல பிறவியிலேயே அப்படி இருக்குறவங்க அதிகமா பாக்குறாங்களா, இந்த ஆய்வால அத சொல்ல முடியாது, ஆய்வு செஞ்சவங்களே அத எழுதியிருக்காங்க. பயமுறுத்தி யாரையும் திருத்த முடியாது, பயந்தவன் இன்னும் ஆழமா ஒளிஞ்சுக்குவான்.

சரி இது நோயா? உலக சுகாதார அமைப்பு 2019ல ஏத்துக்கிட்டு 2022 ஜனவரி 1லேர்ந்து நடைமுறைக்கு வந்த ஐசிடி 11 நோய்ப்பட்டியல்ல, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறுன்னு ஒன்னு இருக்கு, போர்ன் பழக்கம் கைமீறி போனா அதுக்குள்ள வரலாம். அத போதை அடிமைத்தனம்ங்குற தலைப்புல வைக்கல, உந்துதல கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோட வச்சிருக்காங்க. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013ல கொண்டு வந்த கையேட்டுல இது தனி நோயா கிடையவே கிடையாது, அதனால டாக்டர்களுக்குள்ளயே இன்னும் விவாதம் ஓடுது. ஐசிடி என்ன அளவுகோல் வச்சிருக்குன்னா, ஆறு மாசம் அல்லது அதுக்கு மேல இது தொடரணும், அதோட இதுல ஏதாவது ஒன்னாவது இருக்கணும், நிறுத்தணும்னு பலதடவை முயற்சி பண்ணி முடியாம போயிருக்கணும், இல்லன்னா உடம்பு வேலை உறவு எல்லாத்தையும் கவனிக்காம விடுற அளவுக்கு வாழ்க்கையோட நடுவுல இது வந்து உக்காந்திருக்கணும், இல்லன்னா பெருசா திருப்தி கிடைக்காமலே தொடர்ந்து பண்ணிட்டு இருக்கணும். எத்தன மணி நேரம் பாக்குறீங்கங்குற கணக்கு அதுல இல்ல.

அதுலயே இன்னொரு வரி இருக்கு, அத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஒருத்தர் படுற வேதனை முழுக்க முழுக்க "நான் பண்றது பாவம், தப்பு"ங்குற எண்ணத்துலேர்ந்து மட்டும் வருதுன்னா அத வச்சு நோய்னு சொல்லக்கூடாதுன்னு. ஜாஷுவா க்ரப்ஸ்ங்குற உளவியல் ஆராய்ச்சியாளர் இதப்பத்தி நிறைய ஆய்வு பண்ணியிருக்காரு, போர்ன் ஒழுக்கக்கேடுன்னு ஆழமா நம்புறவங்க எப்பவாவது பாத்தாலும் கூட தன்னை அடிமைன்னு நினைச்சு நொந்துபோறாங்க. உங்க நம்பிக்கை தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, உங்க மதிப்புக்கு விரோதமா நடந்துக்கிற வலி வேற, கட்டுப்பாடு போன நோய் வேற, ரெண்டுக்கும் செய்ய வேண்டியது வேற வேற. அந்த அவமான உணர்ச்சி என்ன பண்ணுதுன்னா, மனசு பாரமாகுது, பாரத்த யார்கிட்டயும் சொல்ல முடியல, பாரம் தாங்காம கொஞ்ச நேரம் எல்லாத்தையும் மறக்கணும்னு தோணுது, மறக்கறதுக்கு கைக்கு எட்டுன தூரத்துல இருக்கறதும் அதே மொபைல்தான். எத்தனாவது நாள்னு கணக்கு வச்சு விரதம் மாதிரி இருக்குறவங்க ஒரு நாள் தவறுனதும் எல்லாம் போச்சுன்னு முழுசா விழுந்துடறதும் இதனாலதான்.

(திரையில்: கட்டில்ல ரெண்டு பேர், ஒருத்தர் முகத்துல மட்டும் மொபைல் வெளிச்சம்)

இப்போ உறவு. கணவனோ மனைவியோ திடீர்னு இத கண்டுபிடிக்கும்போது முதல்ல வர்ற கேள்வி "என்கிட்ட என்ன குறை?" ரெண்டாவது கேள்வி "எத்தன வருஷமா?" அந்த ரெண்டாவது கேள்விதான் வீட்ட உடைக்குது, ஏன்னா பொய் சொன்ன ஒவ்வொரு ராத்திரியும் அதுல அடங்கியிருக்கு. வேலை இருக்கு நீ தூங்குன்னு சொன்னது, மொபைல தொட்டாலே கத்துனது, நெருங்கி வந்தப்போ டயர்டா இருக்குன்னு திரும்பி படுத்தது, எல்லாத்துக்கும் இப்போ வேற அர்த்தம் கிடைச்சிடுது. மனைவி பாத்து கணவன் கண்டுபிடிக்கிற வீடுகளும் இருக்கு, அங்க பேச்சு இன்னும் கஷ்டம், பெண்கள் இத பாப்பாங்கன்னே யாரும் ஒத்துக்கிறது இல்ல.

அமெரிக்காவுல சாமுவேல் பெர்ரிங்குற சமூகவியலாளர் 2006லேர்ந்து 2014 வரைக்கும் ஒரே ஆட்கள மறுபடி மறுபடி கேட்டு எடுத்த சர்வே தகவல்கள வச்சு பாத்தாரு, இடையில போர்ன் பாக்க ஆரம்பிச்ச திருமணமானவங்க அடுத்த சர்வேக்குள்ள விவாகரத்து ஆகுற வாய்ப்பு 6 சதவீதத்துலேர்ந்து 11 சதவீதம் ஆச்சு. ஏற்கனவே கசந்துபோன கல்யாணத்துல இருந்தவங்கதான் பாக்க ஆரம்பிச்சாங்களோன்னு கேக்கலாம், அது நியாயமான கேள்விதான், ரெண்டும் கலந்துதான் இருக்கும்னு நான் நினைக்கிறேன். ஒளிச்சு தனியா பாக்குறவங்களவிட ஜோடியா தெரிஞ்சே பாக்குறவங்களுக்கு உறவுல பாதிப்பு குறைவுன்னு சொல்ற ஆய்வுகளும் இருக்கு, அதுக்காக எல்லாரும் சேர்ந்து பாருங்கன்னு நான் சொல்லல, ஒருத்தருக்கு பிடிக்காதத வற்புறுத்துறது இன்னொரு காயம்.

இன்னொரு விஷயம், போர்ன்ல வர்றது கேமராவுக்காக நடிச்சு வெட்டி ஒட்டுனது. சம்மதம் கேக்குறது, வலிக்குதுன்னு சொல்றது, பாதுகாப்பு, நடுவுல நிறுத்திக்கலாம்ங்குற உரிமை, இதெல்லாம் பெரும்பாலும் அதுல இருக்காது, அத பாத்தே கத்துக்கிட்டவரு நிஜத்துல கூட இருக்குறவங்க முகத்த பாக்க மறந்துடறாரு. விறைப்பு வர்றதில்லன்னு கவலைப்படுற இளைஞர்கள் காரணம் போர்ன்தான்னு தானே முடிவு பண்ணிக்காதீங்க, இது ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டான்னு வந்த ஆய்வு முடிவுகள் ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகல, சர்க்கரை, பிரஷர், பதட்டம், மாத்திரைன்னு நிறைய காரணம் இருக்கலாம்.

பிள்ளைங்க பத்திதான் எனக்கு அதிகமா பேசணும். காமன் சென்ஸ் மீடியாங்குற அமைப்பு 2023 ஜனவரியில வெளியிட்ட அமெரிக்க சர்வேல, 13லேர்ந்து 17 வயசு பிள்ளைங்கள்ல 73 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்துல போர்ன் பாத்திருக்காங்க, முதல் தடவை பாத்த சராசரி வயசு 12. பாதிக்கும் மேல, 58 சதவீதம், தேடாமலேயே கண்ணுல பட்டதுன்னு சொல்லியிருக்காங்க. நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தரோட இதப்பத்தி பேசுன பிள்ளைங்க வெறும் 43 சதவீதம். மீதி பிள்ளைங்க அந்த குழப்பத்த தனியா சுமந்துக்கிட்டு ஸ்கூலுக்கு போய்ட்டு வந்துட்டு இருக்காங்க.

உங்க பிள்ளை பாத்துட்டான்னு தெரிஞ்சா அந்த நிமிஷம் கை ஓங்காதீங்க, மொபைல பிடுங்கி எறியாதீங்க. அடி வாங்குன பிள்ளை ஒரே ஒரு பாடம்தான் கத்துக்கும், அடுத்த தடவை மாட்டிக்க கூடாது. நாளைக்கு யாராவது அந்த பிள்ளைகிட்ட போட்டோ கேட்டு மிரட்டுனா கூட உங்ககிட்ட வராது, அத நினைச்சாதான் எனக்கு பகீர்னு இருக்கு. மூச்ச இழுத்து விட்டுட்டு "என்ன பாத்த, எப்படி வந்துச்சு, பாத்து பயந்துட்டியா"ன்னு கேளுங்க. உடம்பப்பத்தி ஆர்வம் வர்றது தப்பில்லன்னும், அதுல காட்டுனது நிஜத்துல மனுஷங்க ஒருத்தர ஒருத்தர் நடத்துற விதம் இல்லன்னும் சின்ன சின்ன பேச்சா பல நாள் சொல்லுங்க, ஒரே நாள்ல உக்கார வச்சு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தா எந்த பிள்ளையும் கேக்காது. ஃபில்டர் போடுங்க, ராத்திரி மொபைல் ரூமுக்கு வெளிய இருக்கட்டும், அது பெத்தவங்களுக்கும் சேர்த்துத்தான்.

நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு வழி இருக்கு. பழக்கத்துக்கு பின்னாடி இருக்குற எண்ணத்தையும் நடத்தையையும் மாத்துற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, ஏற்பு சார்ந்த சிகிச்சைன்னு பேச்சு வழி சிகிச்சைகள் இருக்கு. ரெண்டாவது சொன்னத வச்சு அமெரிக்காவுல 28 ஆண்களுக்கு 12 செஷன் குடுத்து 2016ல வெளியிட்ட ஆய்வுல பாக்குற நேரம் பெருமளவு குறைஞ்சுது, சின்ன ஆய்வுதான், ஆனா அதோட வழி எளிமையானது. ஆசை வந்தா அதோட மல்லுக்கட்ட வேண்டாம், வந்திருக்குன்னு கவனிங்க, அது ஏறி தானா இறங்குற வரைக்கும் கூடவே இருங்க, அந்த நேரத்துல உங்களுக்கு முக்கியமான ஒரு வேலைய கையில எடுங்க.

துணைகிட்ட சொல்லப்போறீங்கன்னா சண்டை நடுவுல சொல்லாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா அவிழ்த்து விடாதீங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒன்னு வெளிய வந்தா அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான். அவங்க கோவப்பட்டா, உடனே மன்னிக்கலன்னா, அது அவங்க உரிமை.

மனநல டாக்டர்கிட்டயோ உளவியல் நிபுணர்கிட்டயோ போறவங்க வாய் வராதுன்னா ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க. எந்த வயசுல ஆரம்பிச்சது, எந்த நேரத்துல எந்த மனநிலையில கை போகுது, நிறுத்த என்னெல்லாம் பண்ணி பாத்தீங்க, தூக்கம் எப்படி, மனச்சோர்வு இருக்கா, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தோட பேரும். மாத்திரை பேர் முக்கியம், பார்க்கின்சன் நோய்க்கு குடுக்குற சில மருந்துகளால கூட இந்த மாதிரி கட்டுப்பாடு இல்லாத நடத்தை வரும், டாக்டர் மருந்த மாத்தியோ அளவ குறைச்சோ சரி பண்ணுவாரு, நீங்களா நிறுத்தாதீங்க. எழுதுன பேப்பர டாக்டர் கையில குடுத்தா போதும், மீதிய அவரே கேட்டுக்குவாரு.