பலகையில் 92 சதவீதம்

நடுவர் அவர்களே, எதிரே கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தொடக்கப் பள்ளியின் தரத்தைத் தரப்படுத்தப்பட்ட தேர்வு காட்டுகிறதா, மறைக்கிறதா என்பது தலைப்பு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. கடைசியில் பள்ளியின் பெயருக்கு எதிரே ஒரு சதவீதம். அந்தச் சதவீதம் மறைக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாக ஒன்று கேட்டார்: "தெர்மாமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா?" நானும்தான் கைதட்டினேன். சரி, அந்தத் தெர்மாமீட்டரையே எடுத்துக்கொள்வோம். வார்டில் எல்லாருக்கும் சாதாரணச் சூடு காட்டினால்தான் டாக்டருக்குச் சம்பளம் என்று ஓர் உத்தரவு போட்டுப் பாருங்கள். மறுநாள் ஒருவருக்கும் காய்ச்சல் இருக்காது. தெர்மாமீட்டர் மட்டும் பச்சைத் தண்ணீரில் கிடக்கும்.

இப்படி ஓர் உத்தரவு நிஜமாகவே வந்தது. 1862இல் இங்கிலாந்தில் கல்வித் துறையைக் கவனித்த ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த விதி. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒரு பிள்ளை தேறினால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங் மானியம். ஒரு பாடத்தில் தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. விளைவை நேரில் பார்த்தவர் மாத்யூ ஆர்னால்டு. கவிஞர், பிழைப்புக்குப் பள்ளி ஆய்வாளர். உண்மையில் படிக்க, எழுத, கணக்குப் போடத் தெரியாமலேயே ஒரு பிள்ளையை அந்தத் தேர்வில் தேற வைத்துவிட முடிகிறது என்று அரசுக்கே அறிக்கை எழுதினார். எப்படி? வருடம் முழுக்க ஒரே வாசிப்புப் புத்தகம். பிள்ளைக்கு அது மனப்பாடம். ஆய்வாளர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடவென்று ஒப்பிக்கும். மானியமும் வந்துவிடும். இந்த ஏற்பாடு முப்பது வருடங்களுக்கு மேல் ஓடியது, ஐயா!

"அது பழைய கதை, இப்போது கணினி இருக்கிறது" என்பீர்கள். அப்படியானால் இப்போதைய கணக்குக்கே வருவோம். ஒரு பள்ளியில் தேர்வு எழுதும் ஒரே வகுப்பில் 20 பிள்ளைகள். தேர்ச்சிக் கோடு 60 மதிப்பெண். கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் பள்ளியின் மதிப்பு. ஒரு பையன் வருடத் தொடக்கத்தில் 20 எடுக்கிறான். ஆசிரியை அவனோடு மல்லுக்கட்டி, எழுத்துக்கூட்டுவதிலிருந்து ஆரம்பித்து 50க்குக் கொண்டுவந்து விடுகிறார். அந்த வகுப்பில் அதைவிடப் பெரிய சாதனை இல்லை. பள்ளியின் சதவீதத்தில் அதற்கு என்ன மதிப்பு? பூஜ்யம். அடுத்த பெஞ்சில் 58 எடுக்கும் பெண். இரண்டு மாதிரித் தாள் எழுத வைத்தால் 61. பள்ளிக்கு உடனே 5 சதவீதம் ஏற்றம். தலைமையாசிரியர் நச்சரிக்கிறார், தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். நீங்கள் அந்த ஆசிரியை என்றால் யார் பக்கத்தில் போய் உட்காருவீர்கள்?

இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க ஆசிரியர்களிடையே தனிப் பெயரே உண்டு. யாருக்குக் கூடுதல் நேரம் என்ற பட்டியலில் முதலில் அவர்கள். ஏற்கனவே 95 எடுப்பவளும் 20 எடுப்பவனும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அப்புறம் இன்னொன்று. 20 பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று வயிற்றுவலி என்றால் பள்ளி 5 சதவீதம் "சரிந்துவிட்டது" என்று செய்தி வரும்.

இப்போது வாசிப்புத் தேர்வு. ஒரு பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறோம். வாசிப்புத் திறனை அளப்பதாகத்தான் நினைக்கிறோம். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பேஸ்பால் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், பேஸ்பால் தெரியாத நல்ல வாசிப்பாளர்களைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதாவது, படித்துப் புரிந்துகொள்ள உலகத்தைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும்? அறிவியல் வகுப்பில், வரலாற்று வகுப்பில், சுற்றுலாவில். அமெரிக்காவில் 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், 3 முதல் 8 வரை எல்லா வகுப்புக்கும் வருடந்தோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு என்றது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும் என்றும் எழுதி வைத்தது. பல பள்ளிகள் எதில் கைவைத்தன? அறிவியல், வரலாறு, ஓவிய நேரத்தில். வாசிப்பு மதிப்பெண் ஏற வேண்டும் என்பதற்காக வாசிப்புக்குத் தீனி போடும் வகுப்புகளையே வெட்டினார்கள். இதை என்னென்று சொல்வது, நடுவர் அவர்களே?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009 தேர்வில் தவறான விடைகளை அழித்துச் சரியான விடையைக் குறித்துவைத்த விவகாரம். 2011இல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைச் சுட்டியது. ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள். அந்த 178 பேரும் பிறவித் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலக்கைத் தொடாவிட்டால் வேலை போகும் என்று நாள்தோறும் கேட்டவர்கள். ஆனால் "தேறிவிட்டாய்" என்று சொல்லப்பட்டதால் கிடைத்திருக்க வேண்டிய உதவியை இழந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அதை மன்னிக்கவும் முடியாது.

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் எனப் பிரித்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று நான் சொன்ன அந்த 2002 அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. சராசரிக்குள் ஒளிந்திருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் சதவீதப் பலகை மாட்ட வேண்டுமா? அமெரிக்காவிலேயே 1969 முதல் ஒரு தேசிய மதிப்பீடு நடக்கிறது. மாதிரிக்குச் சிலரை மட்டும் எடுப்பார்கள். பிள்ளைக்கும் மதிப்பெண் இல்லை, பள்ளிக்கும் தரவரிசை இல்லை. அதில் ஏமாற்றி யாருக்கும் ஆதாயமில்லை. அதனால் யாரும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் போடுவதுமில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. இரண்டு பள்ளிகள். ஒன்றின் வாசலில் 92 சதவீதம், இன்னொன்றில் 61. ஆசிரியர்கள், கட்டடம், புத்தகம் எதையும் தொடாமல் இரு பள்ளிப் பிள்ளைகளை மட்டும் ஒரே இரவில் மாற்றிவிட்டு, மறுநாள் காலை தேர்வு வைக்கிறோம். 92 எந்த வாசலில் இருக்கும்? மணி அடித்துவிட்டார் நடுவர், பதிலை அந்த எதிரணி நண்பர் சொல்லட்டும். வணக்கம்.