மனநலப் பிரிவில் முதல் போஸ்டிங்

நேயர்களுக்கு வணக்கம். மனநலப் பிரிவில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, தொடங்கப்போகும் மருத்துவ மாணவர்களுக்கானது இந்த உரை. பிள்ளைகளை அங்கே அனுப்பத் தயங்கும் பெற்றோரும் கேட்கலாம்.

இந்தப் பிரிவில் பாதி வேலை கேள்வி கேட்பதுதான். அதற்காக உடலை மறந்துவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இரவு ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார். சுவரெல்லாம் பூச்சி ஊருது என்கிறார். கை நடுங்குகிறது, உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது. மனநோய் என்று எழுதி நம்மிடம் அனுப்பிவிடுவார்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். நினைவு குழம்பிப் பிதற்றும் நிலை 2 முதல் 4 நாளில் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இவருக்கு முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். வரிசை மாறினால் மூளை பாதிக்கப்படலாம். பொதுவாகவே, இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிந்து, இடமும் கிழமையும் குழம்பி, இரவில் மோசமானால் காய்ச்சல், சர்க்கரை, சோடியம், ஆக்சிஜன், புதிதாகச் சேர்த்த மாத்திரை எல்லாவற்றையும் பாருங்கள்.

கவனத்தைச் சோதிக்க நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பாடப்புத்தக வழக்கம். பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் அது படிப்பைத்தான் அளக்கும். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள், போதும்.

கேஸ் ஷீட்டில் 'சந்தேக எண்ணம் உண்டு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "எதிர்வீட்டுக்காரன் எங்க தொட்டித் தண்ணியில மருந்து கலக்குறான்" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். கூட வந்தவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கத்தான் மாணவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. பலருக்கு ஆறுதலாகவே இருக்கும். படிப்படியாகப் போங்கள். "வாழ்க்கையே வெறுத்துப்போச்சுன்னு தோணுதாம்மா?" "தூங்கி எழுந்திருக்காமலே போயிடணும்னு நினைச்சீங்களா?" "உயிரை விட்டுடலாம்னு யோசனை வந்துச்சா?" "அதுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கீங்களா?" கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டு நகராதீர்கள், ஆளனுப்பிச் சீனியரை அழையுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அகற்றும்படி குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நடந்ததை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. அதை எளிய தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும்போது, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம். வணக்கம்.