384 என்று எழுதும் முன் இதைப் பாருங்கள்: குழுக்களை ஒப்பிட எத்தனை மாணவர்கள் வேண்டும்?

உங்கள் தீசிஸில் மாதிரி அளவு 384 என்று எழுதியிருக்கிறீர்களா? ஆய்வு, இரண்டு குழுக்களை ஒப்பிடுவதா? அப்படியென்றால் அந்த எண்ணுக்கும் உங்கள் ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. வைவாவில் யாரும் கேட்காமல் விட்டால் தப்பித்தீர்கள்.

384இன் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். ஒரு பெரிய கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேர் 'ஆம்' என்பார்கள் என்று, 5 சதவீதம் முன்னே பின்னே மதிப்பிட வேண்டுமானால் எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? அதற்கான அட்டவணை அது. கூட்டம் மிகப் பெரிதாக இருந்தால் அதில் வரும் எண்தான் 384. புது முறையில் படித்தவர்கள் பழைய முறையில் படித்தவர்களைவிட அதிகம் மதிப்பெண் வாங்கினார்களா என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

சரி, எதுதான் கணக்கு? மனப்பாடம் செய்ய எளிதானது ஒன்று இருக்கிறது.

[திரையில்: 16 ÷ (விளைவு அளவின் வர்க்கம்) = ஒரு குழுவுக்கு வேண்டிய மாணவர்கள்]

விளைவு அளவு என்றால், இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) வகுத்தால் வருவது. தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு, திட்ட விலக்கம் 15, நீங்கள் எதிர்பார்க்கும் முன்னேற்றம் 6 மதிப்பெண் என்று வையுங்கள். 6 ÷ 15 = 0.4. அதன் வர்க்கம் 0.16. பதினாறை அதால் வகுத்தால் 100. குழுவுக்கு 100 பேர், மொத்தம் 200. வித்தியாசம் உண்மையாகவே இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு, 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (வித்தியாசமே இல்லாதபோது 'இருக்கிறது' என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு), இரண்டையும் வைத்துத்தான் அந்தப் 16 வந்தது.

"ஆனால் என் கைடு குழுவுக்கு 30 போதும் என்றாரே!" தெரியும். எல்லா கைடும் சொல்வார்கள். அதே தேர்வுக்கு 30, 30 எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? வித்தியாசம் கிட்டத்தட்ட 8 மதிப்பெண்ணைத் தொட்டால்தான் 'முக்கியத்துவம் உண்டு' என்று முடிவு வரும். உண்மையான வித்தியாசமோ 6. அதாவது, உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் முடிவு வந்தால் நீங்கள் தோற்றீர்கள். மிகையான முடிவு வந்தால்தான் ஜெயித்தீர்கள்! சின்ன மாதிரியில் 'அபார வெற்றி' என்று வரும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இங்கே ஸ்கிப் பண்ணாதீர்கள்.

குழுவுக்கு 100 என்றோமே, அது ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் குலுக்கல் போட்டுப் பிரித்தால். நடப்பில் நாம் செய்வது என்ன? 'அ' பிரிவு புது முறையில் படிக்கும் சோதனைக் குழு, 'ஆ' பிரிவு பழைய முறையிலேயே படிக்கும் கட்டுப்பாட்டுக் குழு. வகுப்பு வகுப்பாக. ஒரே பேருந்தில் வந்திறங்கிய 30 பேரிடம் ஏன் தாமதம் என்று கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது 30 தகவலா? ஒரு தகவல்தான், 30 முறை. ஒரே வகுப்பு மாணவர்களுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே சூழல். அந்த ஒற்றுமையை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். ஐசிசி என்று பெயர். கிரிக்கெட் ஐசிசி இல்லை, வகுப்புக்குள் உள்ள ஒட்டுறவின் அளவு.

அது 0.2 என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 30 பேர்.

[திரையில்: 1 + (30 − 1) × 0.2 = 6.8]

வேண்டிய எண்ணிக்கையை 6.8ஆல் பெருக்க வேண்டும். குழுவுக்கு 100 பேர் என்பது 680 ஆகிவிட்டது, அதாவது 23 வகுப்புகள்! திருப்பிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. உங்கள் 30 பேர் வகுப்பின் உண்மையான மதிப்பு 30 ÷ 6.8, சுமார் நாலரை மாணவர். அந்த அரை மாணவர் யார் என்று கமெண்டில் சண்டை போடாதீர்கள்.

பெரிய வகுப்பாக எடுத்தால்? 100 பேர் உள்ள வகுப்பு 4.8 மாணவருக்குச் சமம். ஆயிரம் பேரைத் திணித்தாலும் 5ஐத் தாண்டாது. மாணவர்களைக் கூட்டிப் பயனில்லை, வகுப்புகளைக் கூட்ட வேண்டும். அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய வகுப்பு அளவு ஆய்வு 79 பள்ளிகளில் நடந்தது. பெரிய பள்ளி ஒன்றே போதும் என்று யாரும் நினைக்கவில்லை.

கையில் இருப்பது இரண்டே வகுப்பு என்றால்? முதலில், இரண்டு வகுப்பையும் பாதிப் பாதியாகக் குலுக்கல் போட்டுப் பிரியுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் புது முறை, பழைய முறை இரண்டும் நடக்கட்டும். அப்போது வென்றது முறையா, நல்ல ஆசிரியரா என்ற சந்தேகம் வராது. அப்புறம் முன்தேர்வு வையுங்கள். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்ணும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பது, அதிகபட்சம் 1) 0.7 இருந்து, அதைப் பகுப்பாய்வில் சேர்த்தால், வேண்டிய மாணவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைவார்கள். இவ்வளவு மலிவான உதவி புள்ளியியலில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் கருத்து. நடுவில் நின்றுவிடுபவர்களுக்காகப் பத்து சதவீதம் கூட எடுங்கள்.

பிரிக்க விடமாட்டார்கள், வகுப்பை அப்படியேதான் தருவார்கள் என்றால், தலைப்பில் 'முன்னோட்ட ஆய்வு' என்று போட்டுவிடுங்கள். உங்கள் திட்ட விலக்கத்தையும் எதிர்பார்க்கும் வித்தியாசத்தையும் கமெண்டில் எழுதுங்கள், முதலில் வரும் சிலவற்றை அடுத்த வீடியோவில் போட்டுக் கணக்குப் பார்ப்போம். 384 என்று மட்டும் எழுதாதீர்கள், பிளாக் செய்துவிடுவேன்.