விஸ்துலாவின் கரையில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

போலந்தின் தலைநகரான வார்சாவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், விஸ்துலா நதியின் வலக்கரையில், கஜிமியெஷ் டோல்னி என்றொரு சிற்றூர் இருக்கிறது. நிலையாகக் குடியிருப்பவர்கள் மூவாயிரம் பேருக்கும் குறைவுதான். ஆனால் கோடைக்கால விடுமுறை நாட்களில் வார்சாவிலிருந்தும், இன்னும் அருகிலுள்ள லூப்லினிலிருந்தும் மக்கள் காலையில் வந்து மாலையில் திரும்புவதால் அதன் தெருக்கள் நிரம்பி வழிகின்றன. புவாவி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடும். இறங்கியவர்களில் பெரும்பாலோர் நேராகச் சந்தைச் சதுக்கத்துக்குச் செல்கிறார்கள். மரக்கூரை வேய்ந்த கிணற்றருகே படம் எடுத்துக்கொண்டு, சேவல் வடிவத்தில் சுட்ட ரொட்டி ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் அங்கேயே சுற்றிவருகிறார்கள்.

நான் நேயர்களிடம் வேண்டுவது வேறு. முதலில் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். சதுக்கம் காத்திருக்கும். அந்தச் சதுக்கத்திலுள்ள ஒவ்வொரு அழகிய வீட்டுக்கும் ஆறுதான் விலை கொடுத்தது என்பதைக் கரையில் நின்ற பிறகே உணர முடியும்.

ஊரின் இரு புறமும் ஆற்றை ஒட்டிச் செல்லும் இரண்டு சாலைகள் உள்ளன. வடக்கே செல்வது புவாவியை நோக்கியது. தெற்கே செல்வதற்கு கிராக்கோவ் நகரின் பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டின் ஓரத்திலும் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்களும், சிறிய சாளரங்களும், செங்குத்தாக உயர்ந்த கூரைகளும் கொண்ட பெரிய கட்டடங்களைக் காணலாம். கூரையின் இரு முனைகளிலும் எழும் முக்கோணச் சுவர்களில் சுருள் வேலைப்பாடுகள் இருப்பதால், முதன்முறை பார்ப்பவர் இவற்றைச் செல்வர் மாளிகைகள் என்றே எண்ணுவார். அவை தானியக் களஞ்சியங்கள். கோதுமையையும், ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தையும் கொட்டி வைப்பதற்கு அவ்வளவு அலங்காரமா என்று கேட்கத் தோன்றும். அவற்றைக் கட்டிய வணிகர்களுக்கு, ஆற்றில் வருவோர் போவோர் அனைவரும் பார்க்கும் முகப்பு அதுதான். தங்கள் செல்வத்தையும் நம்பகத்தையும் அங்கேதான் எழுதிக் காட்டினார்கள். ஒரு காலத்தில் பல பத்துக் களஞ்சியங்கள் கரை நெடுக நின்றன. இன்று எஞ்சியவை சிலவே. அவற்றில் ஒன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது; வேறு சில தங்கும் விடுதிகளாகிவிட்டன.

களஞ்சியங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்னால் எளிதில் நிறுத்த முடிவதில்லை. ஆகையால் நேயர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டிலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் மேற்கு ஐரோப்பாவின் பெருநகரங்கள் பல, போலந்தின் வயல்களில் விளைந்த தானியத்தை உண்டன. லூப்லின் மேட்டு நிலத்தில் அறுவடையானது வண்டிகளிலும், பனிக்காலத்தில் சறுக்கு வண்டிகளிலும் இந்தக் கரைக்கு வந்து சேரும். ஆனால் உறைந்த ஆற்றில் படகு செலுத்த முடியாதே! பனி உருகி, இளவேனில் வெள்ளம் பெருகும் வரை தானியம் காத்திருக்க வேண்டும். வீட்டில் அரிசி மூட்டையின் அடியில் ஈரம் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஓர் ஊர் முழுவதற்குமான செல்வம் அப்படி ஈரத்துக்கு அஞ்சிக் காத்திருந்தால் அதற்கு எத்தகைய சுவர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சுவர்களைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

வெள்ளம் வந்ததும் தெப்பக்காரர்கள் புறப்படுவார்கள். பெரிய படகுகளிலும் மரக்கட்டைத் தெப்பங்களிலும் தானியத்தை ஏற்றி, மணல் திட்டுகளையும் சுழல்களையும் தவிர்த்து, வடக்கே பால்டிக் கடலோரத்தில் உள்ள குதான்ஸ்க் துறைமுகத்துக்கு வாரக்கணக்கில் பயணம் செய்வார்கள். அங்கிருந்து தானியம் பெரும்பாலும் டச்சுக் கப்பல்களில் ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்லும். பெரிய படகுகள் உப்பிட்ட மீன், துணி, மது முதலியவற்றை ஏற்றிக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக மெல்லத் திரும்பின. தெப்பங்களோ திரும்பவில்லை. அவற்றைத் துறைமுகத்திலேயே பிரித்து, கட்டைகளை மரமாக விற்றுவிட்டு, ஓட்டி வந்தவர்கள் நாட்டின் குறுக்கே நடந்தே வீடு சேர்ந்தார்கள். சுருள் முகப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதர்களை நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களையும் விட, அந்தத் தானியத்தை விளைவித்த குடியானவர்களை நினைக்கிறேன். அவர்கள் நிலப்பிரபுவின் நிலத்தில் வாரத்தில் பல நாட்கள் கூலியின்றி உழைக்கக் கட்டுண்டவர்கள். களஞ்சியத்தின் முகப்பில் வணிகரின் பெருமைக்கு இடம் இருக்கிறது. உழுதவரின் பெயருக்கு இல்லை. ஆற்றங்கரையில் முதலில் நில்லுங்கள் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சதுக்கத்துக்குச் செல்லலாம். அதன் ஒரு பக்கத்தில் மிக்கோவாய், கிஷிஸ்டோஃப் என்ற ப்ஷிபிவா குடும்பத்துச் சகோதரர்கள் 1615இல் கட்டிய இரட்டை வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. முகப்பு முழுவதும் புடைப்புச் சிற்பங்கள். ஒரு வீட்டில் புனித நிக்கலஸ், மற்றதில் புனித கிறிஸ்தோபர். தத்தம் பெயருக்குரிய புனிதரை ஒவ்வொருவரும் வாசலுக்கு மேலே நிறுத்திக்கொண்டார்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபரின் உருவம் பேருருவாக, வீட்டையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆற்றால் வாழ்ந்த ஒரு வணிகருக்கு இதைவிடப் பொருத்தமான காவலர் வேறு யார் இருக்க முடியும்? சதுக்கத்துக்கு மேலேயுள்ள பங்குக் கோவிலில், 1620ஆம் ஆண்டைச் சேர்ந்த, குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் பேரார்கன் இருக்கிறது; போலந்தில் உள்ள அத்தகைய கருவிகளுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. அதில் கச்சேரி நடக்கும் நாளாக அமைந்தால் வேறு எதையும் விட்டுவிட்டு அங்கே அமர்ந்துவிடுங்கள்.

அந்த வளம் நீடிக்கவில்லை. 1656இல் ஸ்வீடன் படைகள் ஊரை எரித்தன. 1772இல் போலந்தை அண்டை வல்லரசுகள் முதன்முறையாகப் பங்கிட்டபோது விஸ்துலாவின் கீழ்ப்பகுதி பிரஷ்யாவிடம் சென்றது. ஆற்றில் இறங்கும் சரக்குகள்மீது அது கடுமையான சுங்கம் விதித்தது. வணிகம் தளர்ந்தது. செல்வம் போனதால், பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்ட எவருக்கும் வசதி இல்லாமற்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் இந்த ஊரைத் தேடி வந்ததும் அதனால்தான்.

இனி நான் சொல்வதைச் சதுக்கத்தில் நிற்கும் எவரும் தவறவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்த ஊரின் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யெஹெஸ்கெல் டௌப் என்ற, ஹசிதியம் எனும் யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்த ஆன்மிகக் குரு இங்கே வாழ்ந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் பக்தி மெட்டுகளுக்காக உலகெங்கும் அறியப்பட்ட மோட்ஜிட்ஸ் மரபை உருவாக்கினார்கள். சதுக்கத்துக்குப் பின்னாலுள்ள சிறிய சந்தையில் யூதர்களுடைய தொழுகைக் கூடம் நின்றது. நாஜி ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியர்கள் அந்த மக்களை ஓரிடத்தில் அடைத்து, 1942இல் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பலர் பெவ்ஜெட்ஸ் கொலை முகாமில் அழிக்கப்பட்டார்கள். ஜெர்மானியர்கள் யூதர்களின் கல்லறைக் கற்களைப் பெயர்த்து, தாங்கள் கைப்பற்றிய துறவியர் மடத்தின் முற்றத்தில் தளமாகப் பாவினார்கள். போருக்குப் பிறகு மீட்ட உடைந்த கற்களைக் கொண்டு, 1984இல், ஊருக்கு வெளியே செர்னியாவியில் உள்ள யூத இடுகாட்டில் ஒரு நெடுஞ்சுவர் எழுப்பப்பட்டது. எபிரேய எழுத்துகளும் மெழுகுவர்த்திகளும் சிங்கங்களும் செதுக்கிய கற்கள் அதில் நெருங்கி நிற்கின்றன. சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சதுக்கத்திலிருந்து நடந்தே செல்லலாம். அருள்கூர்ந்து செல்லுங்கள், அந்தச் சுவரைப் பார்க்காமல் திரும்பியவர் இந்த ஊரில் பாதியைப் பார்க்கவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று எனக்குச் சைகை காட்டுகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் போலந்தை ஆண்ட மூன்றாம் காசிமிர் மன்னரின் காலத்தோடு தொடர்புடைய கோட்டையின் இடிபாடுகளையும், அதற்கு மேலே நிற்கும் பழைய வட்டக் கோபுரத்தையும், மூன்று சிலுவைக் குன்றையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். குன்றின் மேலிருந்து ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பனியூழிக் காலத்துக் காற்று கொண்டுவந்து குவித்த மென்மண்ணை மழைநீர் அறுத்து உண்டாக்கிய ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் ஊரைச் சுற்றி இருக்கின்றன. கோஜெனியோவி டூவ் என்ற பள்ளத்தில் மரவேர்கள் இரு புறமும் சுவர்களைப் போல் தொங்குகின்றன. மழை பெய்த மறுநாள் அங்கே வழுக்கும். எதிர்க்கரையிலுள்ள யானோவியெட்ஸ் கோட்டைக்குப் படகுத்துறையிலிருந்து மிதவைப் படகு உண்டு. அது குளிர்காலத்தில் ஓடுவதில்லை, நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தாலும் நின்றுவிடும். ஆகவே அக்கரைக்குச் செல்ல விரும்புவோர் காலையில் ஆற்றங்கரைக்குப் போகும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. வணக்கம்.