காகம் என்னை மட்டும் ஏன் அடிக்கிறது? – ஒரு நேயரின் சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக மனசிலேயே நிற்கிறது. அதனால் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இன்றைக்கு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நேயர் எழுதியிருப்பது இதுதான்: "வாசல்படி இறங்கினால் போதும், எதிர் மரத்துக் காகம் பாய்ந்து வந்து பின்மண்டையில் அடிக்கிறது. ஐந்து நாளாக இதே பாடு. ஒருமுறை ரத்தமே வந்துவிட்டது. வீட்டில் வேறு யாரையும் அது தொடுவதில்லை. என்னை மட்டும் ஏன்? கூட்டைக் கலைத்துவிட்டால் போய்விடுமா?"

முதலில் அந்தக் காயம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரேபிஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். அது பாலூட்டிகள் வழியாகப் பரவும் நோய், காகத்திடமிருந்து வராது.

சரி, இப்போது காகத்துக்கு வருவோம். பின்மண்டை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விஷயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆள்காட்டிப் பறவை பற்றிப் பேசியபோது நான் சொன்னது பழைய நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும்: முகத்தைக் காட்டுங்கள், முதுகைக் காட்டாதீர்கள். காகத்தின் எடை சுமார் 300 கிராம். நீங்கள் 60 கிலோ என்றால் அதைப்போல 200 மடங்கு. அவ்வளவு பெரிய உருவத்தை நேருக்கு நேர் மோதினால் தன் உயிருக்கு ஆபத்து என்று அதற்குத் தெரியும். அதனால் நீங்கள் திரும்பி நடக்கிற அந்த நொடிக்காகக் காத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் மேக்பை என்ற பறவை இனப்பெருக்கக் காலத்தில் மனிதர்கள்மேல் இப்படித்தான் பாயும். அங்கே பலர் தொப்பியின் பின்பக்கம் இரண்டு கண் வரைந்துகொண்டு போகிறார்கள். எல்லா மேக்பையும் அப்படிச் செய்வதில்லை, ஆண்களில் ஒரு சிறு பகுதிதான்.

"என்னை மட்டும் ஏன்" என்ற கேள்விதான் என்னை உலுக்கியது. எனக்கே அது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன இடத்தில், பின்னாலிருந்து தலையில் ஓங்கி ஒரு அடி. காகத்தின் கால் நகம் கீறி எரிந்தது. மறுநாளும் அடி. மூன்றாம் நாள் கோபத்தில் கம்பை எடுத்து வீசினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். அதுவரை ஒரு காகம், அப்புறம் நான்கைந்து. என் மனைவி அதே கொடியில் துணி எடுப்பாள், ஒன்றும் நடக்காது. நான் தலை காட்டினால் மரமே கத்தும்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. முதல் அடி விழுவதற்கு முந்தின நாள், கீழே விழுந்து கிடந்த குஞ்சு ஒன்றைத் தூக்கி மதில்மேல் வைத்திருந்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. தாய்க்குத் தெரிந்தது வேறு: இந்த முகம் என் பிள்ளையைக் கையில் பிடித்தது. கான்ராட் லோரன்ஸ் என்ற விலங்கு நடத்தை அறிஞர், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர், ஜாக்டா என்ற சிறு காக்கை இனத்தை வளர்த்தார். ஒருநாள் அவர் கையில் தொங்கிய கறுப்பு நீச்சல் உடையைப் பார்த்ததும், அத்தனை காலம் பழகிய அந்தப் பறவைகளே அவரைத் தாக்கின. கையில் கறுப்பாக ஏதோ தொங்கினால் அவற்றுக்கு அது பிடிபட்ட தன் இனம்தான்.

முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்று நான் சொல்வது அளவுக்கு மீறிய பேச்சாகத் தோன்றலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு 2006-இல் இதைச் சோதித்தது. குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, அடையாள வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அப்புறம் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் திட்டித் தீர்த்தன. வேறு முகமூடிக்கு அந்தக் கத்தல் இல்லை. வருடங்கள் போகப் போக, பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. பார்த்துக் கற்றன, பெற்றோரிடமிருந்து குஞ்சுகளும் கற்றன. ஆக, முகம்தான் விஷயம். அதனால்தான் மறுபடி சொல்கிறேன், முகத்தைக் காட்டுங்கள். ஆனால் கல்லோ கம்போ ஏந்திய முகமாக அது இருக்க வேண்டாம்.

கூட்டைக் கலைக்கலாமா என்றால், தயவுசெய்து வேண்டாம். காகம் 16, 17 நாள் அடைகாக்கும். குஞ்சு கூட்டைவிட்டு இறங்க மேலும் மூன்று, நான்கு வாரம். மிகக் கடுமையாகப் பாய்வது பெரும்பாலும் குஞ்சு இறங்கிவிட்டு, சரியாகப் பறக்கத் தெரியாமல் தாழ்ந்த கிளையிலும் தரையிலும் தடுமாறுகிற அந்தச் சில நாட்களில்தான். உங்கள் ஐந்து நாள் கணக்கைப் பார்த்தால் அந்தக் கட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது கூட்டில் யாருமே இல்லாமல் இருக்கலாம். அதைக் கலைத்து என்ன பயன்? குடை பிடித்துக்கொண்டு போங்கள். வேறு வாசல் இருந்தால் அந்தப் பக்கம் போங்கள். இல்லையென்றால் மரத்தைப் பார்த்தபடி நிதானமாகக் கடந்து செல்லுங்கள், ஓட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் ரொம்ப எதிர்பார்த்தேன்: அந்தக் குஞ்சு எங்கே? அடி வாங்கியவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், கீழே யாரும் பார்ப்பதில்லை. படிக்கட்டின் ஓரம், செடி மறைவு, நிறுத்தியிருக்கும் வண்டியின் அடி, இங்கேதான் அது பதுங்கியிருக்கும். தினமும் நீங்கள் அதன் பக்கத்தில் கால் வைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறது என்றால் தொடாதீர்கள். பெற்றோர் இரண்டும் வந்து ஊட்டும். நாய், பூனை நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால்தான் கூட்டில் வைக்க முயல வேண்டும். அதையும் காகம் நன்கு அறிந்த உங்களைவிட, தலையை மூடிக்கொண்ட வேறொருவர் செய்வது நல்லது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை, அப்படி ஒதுக்காது.

இன்னொன்றும் இருக்கலாம். அது காகக் குஞ்சாகவே இல்லாமல் இருக்கலாம். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதைப் பற்றி முன்பே விரிவாகப் பேசியிருக்கிறோம். அந்தக் குஞ்சையும் காகம் தன் பிள்ளையாகவே ஊட்டி வளர்க்கிறது.

நாளைக் காலையில் வெளியே இறங்குவதற்கு முன் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பாருங்கள். காகம் அடிக்கடி எந்த இடத்துக்கு இறங்குகிறது, அங்கே எது வாயைத் திறக்கிறது என்று கவனித்து எழுதுங்கள். வாயின் உட்புறம் என்ன நிறம் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.