பேதிக்குக் கொடுக்கிற விதை முகச்சுருக்கத்தை எடுக்குமா? | கெமிக்கல் பீல் முழு விளக்கம்

சித்த வைத்தியத்துல கடும் பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளம் தெரியும்தானே? சுத்தி செஞ்ச பிறகுதான் அதை மருந்துலயே சேர்ப்பாங்க. அந்த விதையோட எண்ணெயை, முகச்சுருக்கம் போகணும்னு முகத்துல தடவுற டாக்டர்கள் இருக்காங்க. நிஜமாத்தான்!

வணக்கம் மக்களே. இன்னைக்கு கெமிக்கல் பீல்.

[திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம்]

அடிப்படையை வேகமா முடிச்சிடுவோம். அமிலம் தடவி மேல்தோலை உரிய வெச்சு, புதுத் தோல் வளர விடுறதுதான் பீல். ஹாம்பர்க் தோல் மருத்துவர் உன்னா 1882-லயே சாலிசிலிக் அமிலம், ஃபீனால் எல்லாம் தோலை என்ன செய்யுதுன்னு எழுதிட்டார். மேலோட்டமா உரிக்க கிளைகாலிக் அமிலம், நடுத்தரத்துக்கு டிசிஏ, அதாவது ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம், ஆழத்துக்கு ஃபீனால். அவ்வளவுதான், இப்போ நேர்வாளத்துக்கு வருவோம்.

[திரையில்: நேர்வாள விதைகள், நெருக்கத்தில்]

1960-கள்ல மயாமியில பேக்கர், கார்டன்னு ரெண்டு பிளாஸ்டிக் சர்ஜன்கள் ஒரு கலவையைப் பிரபலமாக்கினாங்க. ஃபீனால், தண்ணி, திரவ சோப்பு, அதோட மூணே மூணு சொட்டு நேர்வாள எண்ணெய். வாயைச் சுத்தி ஆழமா விழுந்த கோடுகள் கூட மட்டுப்பட்டுச்சு, பலன் பல வருஷம் நின்னுச்சு. காரணம், காயம் உள்தோல் வரைக்கும் போகுது. அதை ஆத்துறதுக்காக உடம்பு அங்க புதுசா கொலாஜன், அதாவது தோலை உறுதியா வெச்சிருக்கிற புரதத்தை அடுக்குது.

எல்லாருமே இது ஃபீனாலோட வேலைன்னுதான் நம்பிட்டிருந்தாங்க. 2000-ல கிரெகரி ஹெட்டர்னு ஒரு சர்ஜன் ஃபீனால், நேர்வாள எண்ணெய் ரெண்டையும் பிரிச்சுப் பிரிச்சு சோதிச்சு, அந்த நம்பிக்கையையே தலைகீழாப் புரட்டிட்டார். எண்ணெயோட அளவைக் கொஞ்சம் கூட்டினா காயம் ஆழமாகுது, குறைச்சா மேலோட்டமாகுது. அந்த மூணு சொட்டுதான் கதாநாயகன்! நாப்பது வருஷமா கலவையில இருந்த ஒரு பொருளை யாரும் உருப்படியா அளந்தே பார்க்கலைங்கிறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அதுக்கப்புறம்தான் கண் இமைக்கு ஒரு அளவு, கன்னத்துக்கு ஒரு அளவுன்னு எண்ணெயைக் குறைச்சுப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க.

ஆனா இதுல ஆபத்தும் பெரிசு. ஃபீனால் தோல் வழியா ரத்தத்துல கலந்து இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். அதனால இசிஜி ஓடிக்கிட்டிருக்கும்போதே நெத்தியை முடிச்சு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம் ஒரு கன்னம்னு பகுதி பகுதியாத்தான் பண்ணுவாங்க. சிவப்பு மாறவே மாசக்கணக்காகும். மெலனின்கிற நிறமி நிறைய இருக்கிற நம்ம தோல்ல நிறமே போய், முகம் வெளுத்து கழுத்து கருத்து, தாடையில கோடு போட்ட மாதிரி தெரியலாம். அதனால நம்ம நிறத்துக்கு ஆழமான பீல் வேண்டாம்னுதான் நான் அழுத்தமா சொல்வேன்.

அப்போ நமக்கு? கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் மாதிரி மேலோட்டமான பீல். ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை.

[திரையில்: கிளினிக் காட்சி]

இங்க பாருங்க. முதல்ல எண்ணெய்ப் பசையைத் துடைச்சு எடுக்கிறாங்க. கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதடு, மூணு இடத்துலயும் வாசலின். இந்த மடிப்புல அமிலம் தேங்குச்சுன்னா அங்கதான் முதல்ல புண்ணாகும். பிரஷ்ல தடவுன உடனே டைமர். சுர்ருன்னு எரியும், விசிறி விடுறாங்க. நேரம் முடிஞ்சதும் சோடா உப்புக் கரைசல் ஊத்தி கிளைகாலிக்கை நிறுத்துறாங்க. டிசிஏ அப்படி இல்ல, புரதம் உறைஞ்சு தோல் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்பை வெச்சுத்தான் ஆழத்தைக் கணிப்பாங்க. அதுக்குப் பழகின கண்ணு வேணும்.

அதனாலதான் ஆன்லைன்ல டிசிஏ பாட்டில் வாங்கி வீட்டுல தடவுற வீடியோக்களைப் பார்த்தா எனக்குக் கோவமே வருது. 2024-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருத்துவர் மேற்பார்வை இல்லாம இந்த மாதிரி பீல்களை வாங்கித் தடவாதீங்கன்னு வெளிப்படையாவே எச்சரிச்சுது. தயவுசெஞ்சு கேளுங்க. தோல் டாக்டர்கிட்ட மட்டும் போங்க. முகப்பரு மாத்திரை ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டீங்களா, உதட்டுல அடிக்கடி கொப்புளம் வருமா, கர்ப்பமா இருக்கீங்களா, எல்லாத்தையும் அவர் கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

தொங்குற தோலை இந்தப் பீல் தூக்காது. மெல்லிய கோடு, திட்டுத்திட்டான கருமை, களையில்லாத தோல், இதுக்குத்தான் இது. சன்ஸ்க்ரீன் போட மாட்டேன்னா பீலே வேண்டாம், ஏன்னா உரிஞ்ச தோல்ல வெயில் பட்டா முன்னாடி இருந்ததை விடக் கருக்கும்.

வீட்டுல கல்யாணம் வருதா? முதல் பீலை கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெச்சுக்காதீங்க, சில மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. பீல் பண்ணி கருமை வந்தவங்க இருந்தா, எந்த அமிலம், எத்தனை சதவீதம்னு கமென்ட்ல எழுதுங்க. அந்தக் கருமைக்கு என்ன வைத்தியம்னு அடுத்த வீடியோவுல பேசுறேன்.