முதலில் அவளைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கண்ணெதிரே ஒரு பெண் தாக்கப்படும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் நாம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

லான்ஸ் ஷாட்லண்ட், மார்கரெட் ஸ்ட்ரா என்று இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள். 1976இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போடுவதுபோல நடிக்கிறார்கள். அவன் அவளைப் பிடித்து உலுக்குகிறான், அவள் திமிறுகிறாள், அலறுகிறாள். அருகில் இருப்பவர்களுக்கு இது நடிப்பு என்று தெரியாது. சில தடவை அந்தப் பெண், "நீ யாருன்னே எனக்குத் தெரியாது, விடு" என்று கத்துகிறாள். சில தடவை, "உன்னைப் போய் எதுக்குத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேனோ" என்கிறாள். மற்றபடி அதே தள்ளுமுள்ளு, அதே அலறல். அவன் யாரோ என்று நினைத்தபோது, பார்த்தவர்களில் 65 விழுக்காட்டினர் தலையிட்டார்கள். கணவன் என்று நினைத்தபோது 19 விழுக்காட்டினர்.

இந்த 19 என்ற எண்ணை நான் பயிற்சி கொடுக்கப் போகிற இடத்திலெல்லாம் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார். அதைச் செய்கிறவன் பெரும்பாலும் கணவன், காதலன், அல்லது முன்னாள் துணை. அதாவது, எங்கே வன்முறை அதிகம் நடக்கிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் நாம் "அது அவங்க குடும்ப விஷயம்" என்று விலகிப் போகிறோம்.

கூட்டம் கல்நெஞ்சம் கொண்டது, யாருக்கும் அக்கறை இல்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் புலம்பலுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தன் வீட்டருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூடப் போலீசைக் கூப்பிடவில்லை என்று செய்தி வந்தது. உலகமே அதிர்ந்தது. ஆனால் அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்பாடு தெரியவந்தது. முழுத் தாக்குதலையும் பார்த்தவர் என்று அநேகமாக யாருமே இல்லை. சோஃபியா ஃபரார் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் ஓடி வந்து, உயிர் பிரியும் தறுவாயில் இருந்த கிட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். 38 என்ற எண்ணைப் பாடப் புத்தகங்களில் படித்தவர்களில் பலருக்கு சோஃபியாவின் பெயர் தெரியாது.

ஆனாலும் அந்தச் செய்தியால் ஒரு நன்மை விளைந்தது. ஜான் டார்லி, பிப் லடானே என்ற இருவர் அதைப் படித்துவிட்டு ஆய்வில் இறங்கினார்கள். 1968இல் வெளியான அவர்களுடைய சோதனையில், தனி அறையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குக் காதில் மாட்டிய ஹெட்போனில் ஒருவர் வலிப்பு வந்து திணறும் குரல் கேட்கிறது. தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினர் மட்டுமே. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அக்கறை இல்லாதவருக்குக் கை நடுங்காது. வேறு யாராவது இந்நேரம் போயிருப்பார்கள் என்ற நினைப்புதான் அவர்களைக் கட்டிப்போட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் கூடக்கூட, யாராவது ஒருவர் உதவிக்கு வரும் வாய்ப்பும் கூடியது. ஆக, மனிதர்கள் உதவத்தான் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் பிடிபடுவதில்லை.

அதனால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் உங்கள் கவனம் அவன்மேல் இருக்கக் கூடாது, அவள்மேல் இருக்க வேண்டும். அவனுக்குப் பாடம் புகட்டுவது உங்கள் வேலை இல்லை. அவள் பத்திரமாக இருக்கிறாளா, அவளுக்கு இப்போது என்ன தேவை என்று பார்ப்பதுதான் வேலை. தர்ம அடி போடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை மொத்திக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் ஓரமாக, தனியாக, கிழிந்த துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளிடம் ஒரு வார்த்தை பேச ஒருவருக்கும் தோன்றாது. அதை நான் உதவி என்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு வன்முறை, அவ்வளவுதான்.

தெருத் துன்புறுத்தலுக்கு எதிராக 2005இல் நியூயார்க்கில் தொடங்கிய ஓர் அமைப்பு, இப்போது ரைட் டு பீ என்ற பெயரில் இயங்குகிறது. ஐந்து வழிகளை அவர்கள் உலகம் முழுவதும் கற்றுக்கொடுக்கிறார்கள். கவனத்தைத் திருப்புவது, வேறொருவரை உதவிக்கு அழைப்பது, பதிவு செய்வது, நடந்து முடிந்த பிறகு போய்க் கேட்பது, நேரடியாகத் தட்டிக் கேட்பது. இந்த ஐந்தில் நேரடியாகக் கேட்பது ஒன்றுதான் சினிமாவில் வருகிறது. அதனாலேயே, அதற்குத் தைரியமில்லாதவர்கள் தங்களால் எதுவுமே முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கவனத்தைத் திருப்புவது. பேருந்தில் ஒருவன் ஒரு பெண்ணை ஒட்டி உரசி நிற்கிறான், அவள் முகம் இறுகியிருக்கிறது. நீங்கள் அவளிடம் போய், "ஏங்க, நீங்க என் தங்கச்சியோட படிச்சவங்கதானே? எப்படி இருக்கீங்க?" என்று கேட்கலாம். "இந்த பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் போகுமா?" என்று கேட்கலாம். கேள்வி எதுவானாலும் சரி. பேசிக்கொண்டே அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுவிடுங்கள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். அவள் தனியாள் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். அவளுக்கும் புரிந்துவிடும், அதுதான் முக்கியம். கூச்ச சுபாவம் உள்ளவர், வயதானவர், பள்ளிக்கூடப் பிள்ளை, யாராலும் இதைச் செய்ய முடியும்.

வேறொருவரை அழைக்கும்போது பொதுவாக "யாராவது உதவுங்க" என்று கத்தாதீர்கள். அந்த 31 விழுக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளைக் குறித்துச் சொல்லுங்கள். "நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க கண்டக்டரைக் கூப்பிடுங்க. அக்கா, நீங்க போலீசுக்கு போன் பண்ணுங்க." பெயர் சொல்லி அழைத்ததுபோல அவருக்கு அது தன் பொறுப்பு ஆகிவிடும். அப்புறம் அவரால் சும்மா நிற்க முடியாது.

நேரடியாகக் கேட்பதென்றால் சுருக்கமாகக் கேளுங்கள். "அவங்களை விடுங்க." அதோடு நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்புங்கள். அவன் வாக்குவாதத்துக்கு இழுப்பான். போகாதீர்கள். அவன் கையில் ஆயுதம் இருந்தாலோ, குடித்திருந்தாலோ, உங்களுக்கே ஆபத்து என்று பட்டாலோ இந்த வழி வேண்டாம். எட்ட நின்று அவசர உதவியை அழைப்பது கோழைத்தனம் இல்லை.

பதிவு செய்வதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏற்கெனவே யாரோ அவளுக்கு உதவிக்கொண்டிருந்தால் மட்டும் செல்போனை எடுங்கள். இடம், நாள், நேரம் தெரியும்படி எடுங்கள். எடுத்த காணொலி அவளுடையது. அவளிடம் கொடுத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். அவள் அனுமதி இல்லாமல் நல்ல எண்ணத்தோடு இணையத்தில் ஏற்றினாலும், அவளுடைய மிக மோசமான நொடியை ஊருக்கே காட்டுகிறீர்கள். வேலை, உறவு, பாதுகாப்பு என்று அதனால் அவள் எதை இழப்பாள் என்று உங்களுக்குத் தெரியாது.

இனி சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அலறல். அந்த 19 விழுக்காடு இருக்கும் இடம். 2008இல் இந்தியாவில் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அழுத்துங்கள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லுங்கள். எங்க வீட்ல கரண்ட் இல்ல, உங்க வீட்ல இருக்கா? மணி அடித்ததும் கை நின்றுவிடுகிறது. வெளியே காது இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் கதவு திறந்ததும் "ஏன்டா அவளை அடிக்கிறே?" என்று கேட்காதீர்கள். நீங்கள் போன பிறகு கதவு மூடிக்கொள்ளும், உங்கள்மேல் வந்த கோபத்தையும் அவள்தான் வாங்க வேண்டியிருக்கும். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் மணி அடிக்கவும் போக வேண்டாம், உடனே போலீசை அழையுங்கள். கழுத்தை நெரித்திருக்கிறான் என்று எப்போதாவது தெரியவந்தால் அதை மிகப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கொலையில் முடிந்த பல வழக்குகளில் அது முன்பே நடந்திருக்கிறது.

மறுநாள் அவள் தனியாக இருக்கும்போது பேசுங்கள். "எனக்குக் கேட்டுச்சு. நான் என்ன செய்யட்டும்னு சொல்லுங்க." உடனே "விட்டுட்டு வந்துடு" என்று சொல்லாதீர்கள். பிரிந்து போகும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் அவளுக்கு மிக ஆபத்தானவை. அவள் தயங்குவது பலவீனத்தால் இல்லை. அந்த ஆபத்தை உங்களைவிட அவள் நன்றாக அளந்து வைத்திருக்கிறாள். பேசவே முடியாதவர்களுக்கு 2020இல் கனடா மகளிர் அறக்கட்டளை ஒரு சைகையை அறிமுகப்படுத்தியது. உள்ளங்கையை உங்களுக்குக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடுவார்கள். காணொலி அழைப்பிலோ ஜன்னலிலோ அப்படி ஒரு கையைப் பார்த்தால், எனக்கு உதவி வேண்டும், ஆனால் இங்கே வைத்துக் கேட்காதே என்று பொருள். உடனே "என்னாச்சு?" என்று சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகப் பின்னர் கேளுங்கள்.

ஆண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஜாக்சன் காட்ஸ் என்பவர் 1993இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். விளையாட்டு வீரர்களான இளைஞர்களை, நாளைக்குத் தப்பு செய்யப்போகிறவர்களாகப் பார்க்காமல், நண்பனைத் தடுக்கக்கூடியவர்களாகப் பார்த்தார். அந்த மாற்றம் பெரியது. பிறகு கென்டக்கி மாநிலத்தில் 26 பள்ளிகளில் சிலவற்றுக்கு இதுபோன்ற பயிற்சி கொடுத்து, மற்றவற்றுக்குக் கொடுக்காமல் ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பயிற்சி பெற்ற பள்ளிகளில் பாலியல் வன்முறை குறைந்திருந்தது. பொறுமை வேண்டும், ஆனால் பலன் இருக்கிறது.

உங்கள் நண்பர் குழுவில் ஒருவன் தன் பழைய காதலியின் படத்தைப் பகிர்கிறான் என்று வையுங்கள். மற்றவர்கள் சிரிப்பு பொம்மை போடுகிறார்கள். நீங்கள் மட்டும், "டேய், இதை அனுப்புறது அவளுக்குத் தெரியுமா? அழிச்சிடு" என்று எழுதுங்கள். உள்ளுக்குள் கூசிக்கொண்டு சும்மா இருந்த இன்னும் இரண்டு பேர் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள். நேரில் யாரும் அடிபடவில்லையே என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமலே.

எதையுமே செய்ய முடியாமல் எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். அப்போதும் அவளிடம் போகலாம். "நான் பார்த்தேன். இது உங்க தப்பு இல்ல. வீடு வரைக்கும் கூட வரட்டுமா? யாருக்காவது போன் பண்ணணுமா?" அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். போலீசில் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் முடிவு. உங்கள் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, சாட்சி சொல்ல நான் தயார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அன்று இரவே, வேறு யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நீங்கள் கண்டதை, காதால் கேட்டதை, நேரத்தோடும் இடத்தோடும் எழுதித் தேதி போட்டு வையுங்கள். புகார் கொடுக்க அவளுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அவள் எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி அந்தத் தாள் உங்களிடம் இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.